எத்தனை மணி நேரம் என்பதோடு நிறுத்தலாமா?

"எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்கான் டாக்டர்" என்று பெற்றோர் தொடங்கியதும் நம்மில் பலர் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" ஐந்து, ஆறு என்று பதில் வரும். போனை வாங்கி வைக்கச் சொல்லி, அடுத்த மாதம் வரச் சொல்கிறோம். அடுத்த மாதம் பெரும்பாலும் அம்மா மட்டும்தான் வருகிறார்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடான ஐசிடி-11, கேமிங் கோளாறை வரையறுக்கும்போது மணிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. ஆட்டம் கட்டுக்குள் நிற்காமல் போவது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னே தள்ளப்படுவது, கெடுதல் தெரிந்தும் விடாமல் ஆடுவது. இவற்றால் படிப்போ வேலையோ உறவோ கணிசமாகக் குலைந்திருக்க வேண்டும், பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் எட்டு மணி நேரம் ஆடுகிற பையன் இதற்குள் வராமல் போகலாம். மூன்று மணி நேரம் ஆடி, பள்ளிக்கே போகாமல் நின்றவன் வரலாம்.

நாம் கேட்கத் தவறுவது ஆட்டத்தின் பெயரை. எடுத்துக்காட்டாக, கைபேசி ஆட்டமான பிஜிஎம்ஐயில் கிளாசிக் மேட்ச் ஒன்று ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். களத்தில் நூறு பேர், அணிக்கு நால்வர். நடுவில் வெளியேறினால் ரேங்க் அடிபடும், கூட ஆடும் மூவரிடம் திட்டும் கிடைக்கும். சரியாக அந்த நேரத்தில் போனைப் பிடுங்கினால் எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும். அதை மட்டும் வைத்து 'அடிக்‌ஷன்' என்று எழுதிவிடக் கூடாது. "இந்த மேட்ச் முடிந்ததும் வைத்துவிடு" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் முணுமுணுத்தபடி வைத்துவிடுவார்கள். சரி என்று சொல்லிவிட்டு, தானே விரும்பியும், ஒவ்வொரு நாளும் வைக்க முடியாமல் போகிறவன்தான் நம் கவலைக்குரியவன். அவனிடம் மனச்சோர்வு, ஏடிஹெச்டி, பள்ளியில் படும் அவமானம் எல்லாவற்றையும் தேட வேண்டும்.

பூட்டுப் போடுவதன் பலன் எவ்வளவு என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆடக் கூடாது என்று 2011இல் கொண்டுவந்த சட்டத்தைப் பத்தாண்டு கழித்துக் கைவிட்டது. சட்டம் கணினி விளையாட்டுகளைக் குறிவைத்தது. பிள்ளைகளோ கைபேசிக்கு மாறியிருந்தார்கள். நம் நாட்டின் 2025 ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பதோ பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. ரம்மியில் கடன்பட்டவரின் சிக்கல் சூதாட்டக் கோளாறு. அதையும் கேமிங் கோளாறையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

இனி கேஸ் ஷீட்டில் என்ன ஆட்டம், யாரோடு, எத்தனை மணிக்குத் தூக்கம் என்பதையும் எழுதுங்கள். அதைப் பெற்றோரிடம் கேட்காமல், பையனிடமே, தனியாகக் கேளுங்கள்.