கடிக்கும் குதிரைக்கு யார் வீடு கொடுப்பார்?

'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்பது எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. பட்ட துன்பம் போதாதென்று இன்னொரு துன்பமும் வந்து சேரும்போது இதைச் சொல்வோம். ஆனால் குதிரை ஏன் தள்ளியது என்று யாரும் கேட்பதில்லை. சேணத்தின் கீழே புண் இருந்ததா? முன்பு அதில் ஏறியவர் எப்படி அடித்தார்? அந்த விசாரணைக்கு அங்கே இடமில்லை. குற்றவாளி குதிரைதான் என்று தீர்ப்பாகிவிடுகிறது.

அப்படித் தீர்ப்பளிக்கப்பட்ட குதிரையைப் பற்றியே இம்மாதம் பேசுவோம். அடிபட்டு, பட்டினி கிடந்து, மனிதக் கை நீண்டாலே கடிக்கவும் உதைக்கவும் பழகிவிட்ட ஒரு பிராணிக்கு ஏற்ற வீட்டை எப்படித் தேடுவது? பெண்கள் சஞ்சிகையில் குதிரைக்கு என்ன வேலை என்று வாசகியர் சிலர் நினைக்கக்கூடும். இந்த விடயத்தில் உலகின் கண்களைத் திறந்தவர்களில் முக்கியமான மூவர் பெண்கள் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை வாசிக்கும்போது நீங்களே கண்டுகொள்வீர்கள்.

ஜிஞ்சரின் கதை

இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா சூவெல் 1877இல் 'பிளாக் பியூட்டி' என்ற நாவலை வெளியிட்டார். சிறுவயதில் விழுந்து கணுக்கால் பாதிக்கப்பட்டதால் சரிவர நடக்க முடியாமல் வாழ்ந்தவர் அவர். வெளியே செல்வதற்குக் குதிரை வண்டியே அவருக்குத் துணை. அதனால் குதிரைகளை மிக அருகிலிருந்து அறிந்திருந்தார். நாவல் வெளிவந்த மறு ஆண்டே அவர் காலமானார்.

அந்த நாவலில் ஜிஞ்சர் என்றொரு பெண் குதிரை வருகிறது. குட்டியாக இருந்தபோதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, முரட்டுத்தனமாகப் பழக்கப்பட்டு, பல கைகள் மாறிய குதிரை அது. அது கடிக்கும் என்பதால் வீட்டுச் சிறுமிகள் லாயத்துக்கு வரவே பயப்படுகிறார்கள். ஆனால் அங்கிருந்த குதிரைக்காரர்கள் அதனை அடிக்கவில்லை. பொறுமையாக நடத்தினார்கள். ஜிஞ்சர் மெல்ல மெல்ல மாறியது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வீட்டு எஜமானிக்குச் சுகவீனம் ஏற்படுகிறது. குடும்பம் நாட்டை விட்டுச் செல்ல, குதிரைகள் விற்கப்படுகின்றன. புதிய இடத்தில் நாகரிகத்துக்காகத் தலையை மேலே இழுத்துக் கட்டும் வார் பூட்டப்படுகிறது. ஜிஞ்சர் உதைக்கிறது. பிறகு அளவுக்கு மீறி ஓட்டப்பட்டு, மூச்சுக் கெட்டு, மீண்டும் மீண்டும் விற்கப்பட்டு, இறுதியில் இலண்டன் வாடகை வண்டியில் சாகிறது.

நல்ல வீடு கிடைத்தும் ஜிஞ்சர் ஏன் அழிந்தது? அந்த வீடு இல்லாமற் போனால் அடுத்து என்ன என்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. துன்புறுத்தப்பட்ட பிராணிக்கு வீடு தேடுபவர்கள் முதலில் மனதிற் கொள்ள வேண்டியது இதுதான். ஒப்படைப்பதோடு பொறுப்பு முடிவதில்லை.

கொடுத்தும் கைவிடாமை

1911இல் ஏடா கோல் என்ற ஆங்கிலப் பெண், பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் ஒரு காட்சியைக் கண்டார். பிரித்தானியாவில் உழைத்துக் களைத்த குதிரைகள் கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, சவுக்கடியுடன் இறைச்சிக் கூடத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. அவர் தொடங்கிய போராட்டம் 1927இல் ஓர் அமைப்பாக உருவெடுத்தது. 'வேர்ல்ட் ஹோர்ஸ் வெல்ஃபெயார்' என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

மீட்கப்பட்ட குதிரைகளை அந்த அமைப்பு வீடுகளுக்கு வழங்கும் முறை கவனிக்கத்தக்கது. குதிரை விற்கப்படுவதில்லை, பராமரிப்புக்காகவே ஒப்படைக்கப்படுகிறது. உரிமை அமைப்பிடமே இருக்கும். அதன் உத்தியோகத்தர்கள் பின்னரும் சென்று பார்ப்பார்கள். பராமரிப்பவருக்கு நோயோ பணமுடையோ வந்தால், குதிரை சந்தைக்குப் போகாமல் அமைப்பிடமே திரும்பி வரும். ஜிஞ்சருக்குக் கிடைக்காத பாதுகாப்பு இதுதான்.

முதலில் மிருக வைத்தியர்

'தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்பார்கள். இந்த விடயத்தில் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். குதிரையின் பற்கள் ஒழுங்கின்றித் தேய்ந்து கூராகினால் கன்னத்தையும் நாக்கையும் வெட்டும். அந்த வாயில் கடிவாளத்தை மாட்டினால் எந்தக் குதிரைதான் அமைதியாக நிற்கும்? குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கிறது. நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு கட்டிவைத்தால் குடற்புண் வருகிறது. முதுகுப் புண், குளம்பு நோய் என்று வேறு வலிகளும் இருக்கலாம். நாம் 'கெட்ட குணம்' என்று சொல்வது பல வேளைகளில் வலிதான்.

எலும்பும் தோலுமாக வந்த குதிரையைக் கண்டதும் வாளி நிறையத் தானியம் வைக்கத் தோன்றும். அது ஆபத்து. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரெனப் பெருமளவு தானியம் கொடுத்தால் உயிரே போகலாம். வைத்தியரின் ஆலோசனையுடன் நல்ல புல்லைச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுப்பதே முறை.

வலி தீர்ந்த பிறகும் பயம் இருக்கும். குதிரை ஓடித் தப்பும் இனம். தப்ப வழியில்லாதபோதுதான் பெரும்பாலும் கடிக்கிறது, உதைக்கிறது. அதற்கு முன் காதைப் பின்னால் மடித்து, உடலை இறுக்கி எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு ஓரடி பின்வாங்குபவரை அது நம்பத் தொடங்கும். அருகே செல்வது, அமைதியாக நின்றால் உடனே விலகி ஓய்வு கொடுப்பது என்று தினமும் சில நிமிடங்கள் பழக்க வேண்டும். இதற்கு மாதங்கள் எடுக்கலாம்.

ஏற்ற வீடு எது?

இரக்கமுள்ளவர்களின் வீடு என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். இரக்கம் வேண்டும்தான், அது மட்டும் போதாது. பரிதாபக் கதையைக் கேட்டுக் கண்ணீரோடு அழைத்துச் செல்பவர்கள், மூன்றாம் மாதம் கடி வாங்கியதும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதுண்டு. எனவே பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும்.

• குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. 400 கிலோ எடையுள்ள ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ உலர்ந்த புல்லும் 20 முதல் 40 லீற்றர் வரை தண்ணீரும் வேண்டும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீர்செய்ய வேண்டும். இதற்கு வசதி உண்டா?
• தினமும் கவனிக்கப்போவது யார்? ஒரே கை, ஒரே நேரம், ஒரே குரல் கிடைக்குமா?
• துணைக்கு இன்னொரு குதிரை இருக்கிறதா? கூட்டமாக வாழும் பிராணி தனிமையில் நிம்மதியடையாது.
• சிறுபிள்ளைகள் லாயத்துக்குள் ஓடித் திரியும் வீடா? அப்படியானால் எவ்வளவு நல்ல வீடானாலும் இந்தக் குதிரைக்கு அது பொருந்தாது.
• அதன் மேல் ஒருபோதும் சவாரி செய்ய முடியாமற் போனாலும் வைத்திருப்பார்களா?

கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. சில குதிரைகள் மீண்டும் சவாரிக்கு உதவாது. மற்றக் குதிரைக்குத் துணையாக மேய்ந்துகொண்டு வாழ முடியும். பயன் தராத உயிரையும் ஏற்றுக்கொள்ளும் வீடுதான் அதற்கு வீடு.

கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. உண்மையை மறைக்கக் கூடாது. 'கொஞ்சம் துடியாட்டம், வேறொன்றுமில்லை' என்று சொல்லி ஒப்படைப்பது, வாங்குபவரின் உயிருக்கும் குதிரையின் எதிர்காலத்துக்கும் செய்யும் துரோகம். எந்தப் பக்கத்திலிருந்து அணுகினால் பயப்படும், எதைக் கண்டால் கடிக்கும் என்று எழுதியே கொடுக்க வேண்டும். நான்கு பேர் மறுக்கட்டும். உண்மை தெரிந்த பின்னும் சம்மதிக்கும் ஐந்தாமவரே உரியவர்.

வீடே கிடைக்காவிட்டால்?

இது கசப்பான கேள்வி. முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானிய இராணுவம் எகிப்தில் விற்றுவிட்டுச் சென்ற குதிரைகள், கெய்ரோவில் கல்லும் மண்ணும் இழுத்துக் கொண்டிருந்ததை 1930இல் டொரத்தி புரூக் கண்டார். மக்களிடம் நிதி திரட்டிச் சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை முதுமையாலும் நோயாலும் தளர்ந்துபோயிருந்தன. சில நாட்கள் ஓய்வும் உணவும் கொடுத்து, வலியின்றி அவற்றின் வாழ்வை முடித்துவைத்தார். 1934இல் கெய்ரோவில் இலவச மிருக வைத்தியசாலை ஒன்றையும் நிறுவினார். அவரை இரக்கமற்றவர் என்று சொல்ல முடியுமா? கை மாறிக் கை மாறி வதைபடுவதை விட அமைதியான முடிவு மேலானது. ஆனால் வைத்தியமும் பொறுமையும் தேடலும் பயனளிக்காத பின்னரே அந்த முடிவுக்கு வரலாம்.

எமது பங்கு

எம்மில் பெரும்பாலானோர் குதிரை வளர்க்கப் போவதில்லை. ஆயினும் நுவரெலியாவில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மட்டக் குதிரைகளைக் கண்டிருக்கிறோம். பிள்ளையை ஏற்றுமுன் அதன் முதுகையும் வாயோரத்தையும் பாருங்கள். புண் இருந்தால் காரணத்தைச் சொல்லிவிட்டு விலகுங்கள். மன்னார் வீதிகளில் திரியும் கழுதைகளுக்கும், அடிபட்டு உங்கள் வாசலில் வந்து உறுமும் நாய்க்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

சமூகப் பணியில் இருப்பவர்களுக்கு இவை பழக்கமான கேள்விகள். ஒரு பிள்ளையை ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கும்போதும், அன்பு எவ்வளவு என்பதோடு அது எத்தனை நாள் தாங்கும் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளையும் குதிரையும் ஒன்றல்ல. ஆனால் ஏற்று, பின் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை இன்னும் கொஞ்சம் சாகிறது என்பது இருவருக்கும் பொது.

ஆகவே அன்பான வாசகியரே, துன்பப்பட்ட ஓர் உயிரை வீட்டுக்கு அழைத்துவருமுன் ஒரு கிழமை பொறுத்து யோசியுங்கள். முடியாது என்று தோன்றினால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவும் ஓர் உதவிதான். முடியும் என்றால், அது கடிக்கும் நாளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.