கத்ரின் மேல் பழி போடுவதை நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஏசுகிறவர்கள் தாராளமாக ஏசலாம். ஆனால் முடிவு வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் மூன்று மோட்டார் சைக்கிளில் மலைநாட்டுக்குப் போய் வந்தோம். அதில் நாலு பேர் ஆசிரியர்கள். போட்டோக்களைப் பார்த்துவிட்டு ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள்.

ஒரு சாரார், "படிச்சுக் குடுக்கிற ஸேர்மாரே இப்பிடி பைக்ல ஊர் சுத்தினா பிள்ளைகள் என்னத்தப் படிக்கும்? வீண் விரயம்" என்றார்கள். மற்றச் சாரார், "இளந்தாரிகள்தானே, போகட்டும். மவ்த்து வாற நேரம் வீட்டுக்குள்ள இருந்தாலும் வரும்" என்றார்கள்.

இரண்டு பேச்சும் பிழை. இரண்டாவது பேச்சு முதலாவதை விட ஆபத்தானது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் சாராருக்குச் சுருக்கமான பதில். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று அல்லாஹ் குர்ஆனில் பல இடங்களில் சொல்கிறான். சுபஹ் தொழுதுவிட்டு செங்கலடிச் சந்தியால் திரும்பினோம். கரடியனாறு, மகா ஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை. வெயிலில் காய்ந்து போய் பதினெட்டு வளைவு ஏறினால் ஹுன்னஸ்கிரியவில் பனி. ஒரே நாளில் இரண்டு காலநிலை. புவியியல் பாடத்தில் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற ஈரவலயத்தையும் உலர்வலயத்தையும் எங்கள் தோலிலேயே உணர்ந்தோம். நுவரெலியாப் பக்கம் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "மட்டக்களப்பா தம்பி? அங்க கடல் இருக்காமே?" என்று கேட்டார். இதெல்லாம் வீண் விரயம் என்றால் பெருநாளுக்கு நாம் கொளுத்துகிற பட்டாசுக்கு என்ன பெயர்?

இனி விஷயத்துக்கு வருவோம்.

நுவரெலியாவோடு திரும்புவதுதான் திட்டம். ஒரு தம்பியின் ஆசைக்காக ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலவுக்கு இறங்கினோம். 1957 இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம் எடுத்த இடம். களனி கங்கை அங்கே பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டு இறங்குவதற்குத்தான் உள்ளூர்ச் சனமும் வெள்ளைக்காரர்களும் வருகிறார்கள். நாங்களும் காசு கட்டினோம்.

ஆளுக்கொரு லைஃப் ஜெக்கட், ஒரு ஹெல்மட், ஒரு துடுப்பு. வழிகாட்டி ஒரு சிங்களப் பொடியன். வயது இருபத்தைந்துதான் இருக்கும். ஆசைப்பட்டு வந்த தம்பி பெல்ட்டைத் தளர்வாக விட்டிருந்தான். வாவிக்கரையில் பிறந்தவன், நடக்கப் பழக முதல் நீந்தப் பழகியவன் என்று அவனுக்கு ஒரு பெருமை. வழிகாட்டி வந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். "மல்லி, டைட் கரன்ன" என்றான். தம்பி சிரித்தான். வழிகாட்டி சிரிக்கவில்லை. பெல்ட்டை இறுக்காவிட்டால் படகு கரையை விட்டு வெளிக்கிடாது என்று சொல்லிவிட்டு, துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கல்லில் குந்திக்கொண்டான். கட்டிய காசைப் பற்றியோ, நாங்கள் ஸேர்மார் என்பதைப் பற்றியோ அவனுக்குக் கவலை இல்லை. தம்பி வேறு வழியில்லாமல் இறுக்கினான்.

இரண்டாவது பாய்ச்சலிலோ மூன்றாவதிலோ படகு ஒரு பக்கம் சரிய, அதே தம்பி தண்ணீருக்குள் போய்விட்டான். நீச்சல் தெரிந்தவன்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் கையும் காலும் வேலை செய்யவில்லை. ஜெக்கட்தான் அவனை மேலே கொண்டு வந்தது. வழிகாட்டி தோள்பட்டியில் பிடித்து இழுத்துப் படகில் போட்டான். பெல்ட் தளர்வாக இருந்திருந்தால் அவன் கைக்கு வெறும் ஜெக்கட் மட்டும் வந்திருக்கும். எங்கள் ஆறு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னோம். கரைக்கு வந்த பிறகும் தம்பி நெடுநேரம் பேசவில்லை.

இதோடு பதிவை முடித்தால் எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டுவிட்டுப் போவீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

அடுத்த நாள் பின்னேரம் செங்கலடிக்கு வந்து சேர்ந்தோம். தம்பி பைக்கை நிற்பாட்டி ஹெல்மட்டைக் கழற்றிச் சைட் மிரரில் கொழுவினான். "இனி நம்மட ஏரியாதானே" என்றான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நாங்களும் கழற்றினோம். முந்திய நாள் அவன் தண்ணீருக்குள் போனதைக் கண்ணால் பார்த்த ஆறு பேரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு மஃரிபுக்குப் பள்ளிக்குப் போனோம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம்.

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மட் போட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். நம் ஊர்களில் அது பொலிஸ் நிற்கிற சந்திக்கு மட்டுமான சட்டம். வாப்பாவுக்கு ஹெல்மட், பின்னால் உம்மாவுக்கு இல்லை, டேங்கில் இருக்கிற பிள்ளைக்கும் இல்லை. பதினெட்டு வயது ஆகாத, லைசன்ஸ் இல்லாத மகனுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் ஓடுகிற ஸ்டைலை வீடியோ எடுத்துப் போடுகிறோம். விழுந்தால் மண்டை உடைய தார் வீதி போதும். அது பள்ளிக்குப் போகிற பாதையா, மலைநாட்டுப் பாதையா என்று தாருக்குத் தெரியாது. பிறகு ஜனாஸா அறிவித்தல் வரும். கபுறடியில் நின்று, "கத்ர், நாம என்ன செய்யலாம்?" என்போம்.

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 நவம்பர் 23 ஐ மறந்துவிட்டீர்களா? கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுகிறோம் என்று சொல்லி, சனங்களை ஒரு மிதப்பில் ஏற்றி இறக்கினார்கள். நம் பக்கம் அதைப் 'பாதை' என்போம். மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும் வரை நம் மாவட்டத்துச் சனமும் பாதையில்தான் வாவியைக் கடந்தது. அன்று காலை குறிஞ்சாக்கேணியில் அந்த மிதப்பு கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு மவ்த்தானார்கள்.

2024 நவம்பர் 26. காரைதீவு மாவடிப்பள்ளி. வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது. மத்ரஸாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஜனாஸாக்களை நாள்கணக்கில் தேடினார்கள்.

கித்துல்கலவில் விளையாட்டுக்குப் படகில் ஏறுகிறவனின் பெல்ட்டை இழுத்துப் பார்க்க ஒருவன் நிற்கிறான். படிக்கப் போன நம் பிள்ளைகளைப் பார்த்து, "இதில் ஏறாதே" என்று சொல்லி மறிக்க அந்த இரண்டு இடத்திலும் யார் நின்றார்கள்? அரசாங்கத்தைக் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் நம்மையும் கேட்க வேண்டாமா?

கத்ரை நம்புவது ஈமானின் கடமை. அதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் கத்ரை நம்மை விட நன்றாக விளங்கியவர் உமர் ரழியல்லாஹு அன்ஹு. ஷாமில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டதும் அவர் படையோடு திரும்பினார். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா ரழியல்லாஹு அன்ஹு கேட்டார். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குப் போகிறோம் என்பதே உமரின் பதிலாக இருந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். கட்டாமல் விட்டுவிட்டு, ஒட்டகம் போன பிறகு கத்ர் என்பது ஈமான் அல்ல. நம் கவனக்குறைவுக்கு நாம் தேடுகிற சாட்டு.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகிகளே, வெள்ளிக்கிழமை குத்பாவில் ஒரு தடவையாவது ஹெல்மட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் ஹெல்மட் வைக்க ஒரு தட்டு அடியுங்கள். வாப்பாமாரே, லைசன்ஸ் எடுக்கும் வரை சாவியை உங்கள் இடுப்பில் வையுங்கள். பிள்ளைகளை வாவியில் படகு ஏற்றுகிற காக்காமாரே, ஜெக்கட் இல்லாவிட்டால் ஏற்றாதீர்கள். வாடிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. அந்தக் கித்துல்கலப் பொடியனைப் போல நீங்களும் கல்லில் குந்துங்கள்.

இளந்தாரித் தம்பிமாருக்கு ஒன்று. போங்கள், நாட்டைப் பாருங்கள், ஆற்றில் இறங்குங்கள். தடுக்கிறவர்களோடு நாங்கள் இல்லை. ஆனால் செங்கலடிக்கு வந்ததும் கழற்றாதீர்கள். வீட்டு வாசலில் கழற்றுங்கள்.

எங்களுக்கு நாங்களே போட்ட சட்டம் இது. திங்கட்கிழமை முதல் ஹெல்மட் இல்லாமல் பாடசாலைக் கேற்றுக்குள் நாங்கள் நாலு பேரும் நுழைய மாட்டோம். நுழைந்தால் எந்த மாணவனும் எங்களை மறித்துக் கேட்கலாம். கேட்ட பிள்ளைக்கு ஏச்சு விழாது.

தண்ணீரிலும் வீதியிலும் போன நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. இருக்கிற பிள்ளைகளைப் பாதுகாக்கும் புத்தியை நமக்குத் தருவானாக. ஆமீன்.