எமுலேட்டர் குற்றமல்ல, கேம்?

டோல்கேட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் கேட்டார்: "மரியோ, கான்ட்ரா எல்லாம் எமுலேட்டரில் ஆடுகிறேன். போலீஸ் வருமா சார்?"

பழைய வீடியோ கேம் கருவியைப் போலக் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் புரோகிராம்தான் எமுலேட்டர். அதை வைத்திருப்பது குற்றமல்ல. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் தயாரித்த கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே நின்றது.

சிக்கல், ரோம் எனப்படும் கேம் ஃபைலில். நமது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாகப் பெற்ற புரோகிராமை பேக்கப் எடுக்க அனுமதிக்கிறது. "என்னிடம்தான் கேசட் இருக்கிறதே" என்பீர்கள். 1990-களில் நம் வீடுகளுக்கு வந்த 'பல கேம், ஒரே கேசட்' பெரும்பாலும் திருட்டு நகல். அதை பேக்கப் எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. காசு கொடுத்துதான் வாங்கினோம். பில் யாரிடம் இருக்கிறது?

திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. லாப நோக்கம் இல்லையென்றால், சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விலைக்கே கிடைக்காத கேமுக்கும் இதே சட்டம் என்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. பென்டிரைவில் கேம்களை ஏற்றி விற்கும் கடைக்காரருக்காக மட்டும் வாதாட மாட்டேன்.

கான்ட்ரா கேம்களைக் கொனாமி 2019-ல் தொகுப்பாகக் கம்ப்யூட்டருக்கே வெளியிட்டது. அதை வாங்கச் சொன்னேன். "மரியோ?" என்றார். அந்தப் பழைய மரியோவை நிண்டெண்டோ கம்ப்யூட்டருக்கு விற்பதில்லை.