சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஹார்லி டேவிட்சன்

அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். வருடம் 2005, 2006 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈராக்கில் செத்துப்போன ஒரு பையனின் சவப்பெட்டி தேவாலயத்துக்கு வருகிறது. வாசலில் வரிசையாக மோட்டார் பைக்குகள். தோல் ஜாக்கெட், நரைத்த தாடி, கை நிறையப் பச்சை. நம்ம ஊர் சினிமாவாக இருந்தால் இவர்கள் எல்லாம் வில்லனின் அடியாட்கள். இங்கேயோ ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். அதில் குழந்தைகளும் உண்டு. கையில் கலர் கலராக அட்டைகள். அதில் ஒன்றைத் தமிழில் சொன்னால்: "செத்த சிப்பாய்களுக்காகக் கடவுளுக்கு நன்றி."

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். பெற்ற தாய் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து வரும் நேரத்தில், எதிரே நின்று இந்த அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். எழவு வீட்டு வாசலில் பங்காளிச் சண்டையைக்கூட நிறுத்தி வைப்பது உலக வழக்கம். இவர்களுக்கு அதெல்லாம் கிடையாது.

இவர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்சாஸ் மாநிலம் டொபீகா நகரில் இருக்கும் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச். 1955-ல் ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் என்பவர் ஆரம்பித்தது. சர்ச் என்று பெயர்தானே தவிர, பெரும்பாலும் அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்தான் சபை. ஓரினச் சேர்க்கையாளர்களை அமெரிக்கா சகித்துக்கொள்கிறது, அதனால் கடவுள் அமெரிக்கச் சிப்பாய்களைக் கொல்கிறார் என்பது இவர்கள் கண்டுபிடித்த தத்துவம். செத்த பையன் ஓரினச் சேர்க்கையாளனா இல்லையா என்பதே இவர்களுக்கு முக்கியமில்லை. டிவி கேமரா வருகிற இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பைக்கில் வந்தவர்கள் 'பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ்'. 2005-ல் அதே கான்சாஸில், மல்வேன் என்ற சிற்றூரில் சில பைக்காரர்கள் கூடி ஆரம்பித்தது. இவர்களுடைய விதிகள் ரொம்ப எளிமை. இறந்தவரின் குடும்பம் கூப்பிட்டால்தான் போக வேண்டும். சட்டத்தை மீறக் கூடாது. கை ஓங்கக் கூடாது. குடும்பத்தின் கண்ணில் அந்த அட்டைகள் படாமல் நடுவே நிற்க வேண்டும். உறுப்பினராவதற்கு ராணுவத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், பைக்கே வைத்திருக்க வேண்டியதில்லை!

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று: "அந்த ஏழு பேரையும் தூக்கி உள்ள போடணும்டா. இதெல்லாம் பேச்சுரிமையா?" இரண்டு: "அந்த பைக் கூட்டமும் லேசுப்பட்டது இல்ல. தேசபக்தின்னு சொல்லிப் போரை நியாயப்படுத்துற கூட்டம்." இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

உள்ளே போடணுமா?

சட்டம் போட்டார்கள். போடாமல் இல்லை. 2006 மே மாதம் அன்றைய அதிபர் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசின் ராணுவக் கல்லறைகளில் அடக்கம் நடக்கும்போது ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் ஆர்ப்பாட்டம் கூடாது, இத்தனை அடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்றது அது. 2012-ல் ஒபாமா காலத்தில் அதை 2 மணி நேரம், 300 அடி என்று நீட்டினார்கள். மாநிலங்களும் போட்டி போட்டுக்கொண்டு சட்டம் கொண்டு வந்தன.

இப்போது உண்மையில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். மேத்யூ ஸ்னைடர் என்ற இளம் மரீன் வீரர் 2006 மார்ச்சில் ஈராக்கில் இறந்தார். மேரிலாந்து மாநிலம் வெஸ்ட்மின்ஸ்டரில் இறுதிச் சடங்கு. வெஸ்ட்போரோவிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். போலீசுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, போலீஸ் காட்டிய இடத்தில், பொது நிலத்தில், தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தள்ளி, சடங்குக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அப்பா ஆல்பர்ட் ஸ்னைடருக்கு அன்று அட்டைகளின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. என்ன எழுதியிருந்தது என்பதை ராத்திரி டிவி செய்தியில்தான் பார்த்தார்.

கணக்குப் போடுங்கள். சட்டம் சொல்வது 300 அடி. அவர்கள் நின்றது 1,000 அடி. அந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தாலும் அந்த அப்பாவுக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. 1,000 அடி தள்ளி நின்றவர்களை வீட்டு வரவேற்பறைக்கே கூட்டி வந்தது டிவி. அதை எந்தச் சட்டத்தால் தடுப்பது?

ஸ்னைடர் வழக்குப் போட்டார். 2007-ல் ஜூரி 1 கோடியே 9 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை 50 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டில் 2009-ல் எல்லாம் போயிற்று. அதோடு விட்டார்களா? எதிர்த் தரப்பின் வழக்குச் செலவுக்காக 16,510 டாலர் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று 2010-ல் உத்தரவு. மகனைப் பறிகொடுத்தவர், அவன் சாவைக் கொண்டாடியவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும்! கடைசியில் 2011 மார்ச் 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் வெஸ்ட்போரோ பக்கம் தீர்ப்பு சொன்னது. அலிட்டோ ஒருவர்தான் மாறுபட்டார்.

படித்ததும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது. ஆனால் தீர்ப்பு சரி என்றே சொல்வேன். அட்டையில் இருந்தது அருவருப்பான பேச்சு, சந்தேகமே இல்லை. ஆனால் போர், ராணுவம், ஒழுக்கம், நாட்டின் போக்கு என்று பொது விஷயத்தைப் பற்றிப் பொது இடத்தில் நின்று சொன்ன பேச்சு. 'துக்கத்தில் இருப்பவர் மனம் புண்படுகிறது' என்பதே தண்டிக்கப் போதுமான காரணம் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், நாளைக்கு அதே வரியைக் காட்டி யாரை அடைப்பார்கள்? "இந்தப் பையனை ஏன் கொன்றீர்கள், பேரழிவு ஆயுதம் எங்கே?" என்று கேட்பவனைத்தான் முதலில் அடைப்பார்கள். அவன் கேள்வியும் ஒரு வீட்டின் மனத்தைப் புண்படுத்தத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. ஃபெல்ப்ஸ் குடும்பத்தில் பலர் வக்கீல்கள். உச்ச நீதிமன்றத்தில் வாதாடியதே அவருடைய மகள்தான். யாராவது ஒருவர் ஆத்திரத்தில் கை வைத்திருந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டமாகியிருக்கும். ஒரு வழக்கு, ஒரு தலைப்புச் செய்தி, இன்னும் நாலு கேமரா. கை ஓங்கக் கூடாது என்ற விதியால் பைக்காரர்கள் அந்தத் தீனியைக் கொடுக்கவில்லை. அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடும்பத்தைப் பார்த்து நின்றார்கள். தேவைப்பட்டபோது என்ஜினை உறுமவிட்டு அவர்கள் பாட்டுச் சத்தத்தை அமுக்கினார்கள். நீதிமன்றம் ஐந்து வருடம் இழுத்துச் செய்ய முடியாததை ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டுப் போனார்கள்.

"என்ஜின் சத்தத்தால் அமுக்குவதும் பேச்சைத் தடுப்பதுதானே?" என்று கேட்கும் புத்திசாலிக்கு: இல்லை. ஒருவன் கத்தினால் பதிலுக்குக் கத்த எனக்கு உரிமை உண்டு. அரசாங்கம் அவன் வாயைக் கட்டுவதும், பக்கத்து வீட்டுக்காரன் காதைப் பொத்திவிடுவதும் ஒன்றாகிவிடாது.

போருக்குக் கொடி பிடிக்கிறார்களா?

இரண்டாவது கட்சிக்கு வருவோம். ஈராக் போர் பொய்யான காரணத்தின் மேல் நடந்தது. சொன்ன ஆயுதம் கடைசிவரை கிடைக்கவில்லை. சுமார் 4,500 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். ஈராக்கியர்கள் அதைவிடப் பல மடங்கு. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'தேசபக்தக் காவலர்' என்ற பெயரும் எனக்குப் பிடிக்கவில்லை. நீ காவலன் என்றால் வெளியே நிற்பவன் என்ன துரோகியா?

ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சாவுகளை மக்கள் பார்க்காமல் மறைத்தது யார்? வெளிநாட்டில் இறந்த சிப்பாய்களின் உடல்கள் வந்து இறங்குவது டோவர் விமானப் படைத் தளத்தில். அங்கே சவப்பெட்டிகளைப் படம் எடுக்க 1991 முதல் தடை. 2009-ல்தான், குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். ஈராக் போர் உச்சத்தில் இருந்த வருடங்கள் முழுக்க, கொடி போர்த்திய பெட்டி வந்திறங்குவதை டிவியில் காட்ட முடியாது. அங்கிருந்து சொந்த ஊருக்குப் பயணிகள் விமானத்தில் சரக்கோடு சரக்காக வந்த பெட்டிகளும் உண்டு. குடும்பங்கள் கொதித்தெழுந்த பிறகுதான், ராணுவ மரியாதையோடு தனி விமானத்தில் அனுப்ப 2006-ல் சட்டம் வந்தது. ராணுவ இறுதி மரியாதையில் ஊதும் 'டாப்ஸ்' இசைக்கு ஆள் போதாமல், பட்டனை அழுத்தினால் தானே வாசிக்கும் எலக்ட்ரானிக் ஊதுகொம்பையும் பென்டகன் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. சிப்பாய் உதட்டருகே வைத்து வாசிப்பது போலப் பாவனை செய்வார்!

அனுப்பும்போது அத்தனை ஆர்ப்பாட்டம், திரும்பி வரும்போது சத்தமில்லாமல் பின்வாசல் வழியாக. போரை நியாயப்படுத்துவது என்றால் அதுதான். பைக்காரர்கள் செய்தது அதற்கு நேர் எதிர். விமான நிலையத்திலிருந்து ஊர் வரைக்கும் அந்தப் பெட்டியின் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார், பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் நின்றார்கள். ஒரு பையன் செத்துவிட்டான் என்பது ஊருக்கே தெரிந்தது. அவர்கள் நினைத்தது மரியாதை மட்டும்தான் என்றாலும், போரின் விலை என்ன என்று அந்தச் சாலையில் நின்ற ஒவ்வொருவருக்கும் காட்டிவிட்டார்கள். போர் எதிர்ப்பாளர்கள் இதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

பைக்காரர்களிடம் ஒரு கேள்வி

பாராட்டிவிட்டேன் என்பதற்காகச் சும்மா விடப் போவதில்லை.

வெஸ்ட்போரோ அட்டையைத் தூக்கியது சிப்பாய் சாவில்தான் முதல்முறையா? இல்லை. 1998 அக்டோபரில் வையோமிங் பல்கலைக்கழக மாணவர் மேத்யூ ஷெப்பர்ட், வயது 21, ஓரினச் சேர்க்கையாளர் என்பதால் அடித்து, வேலியில் கட்டிப் போடப்பட்டு, சில நாளில் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்கும் இதே கூட்டம் இதே மாதிரி அட்டையோடு வந்தது. அப்போது சாவு வீட்டைக் காக்க வாஷிங்டனில் யாரும் 300 அடி சட்டம் கொண்டு வரவில்லை. அவர் பெயரையும் தாங்கிய வெறுப்புக் குற்றச் சட்டம் வரவே 2009 ஆயிற்று. ஃபெல்ப்ஸ் கூட்டத்தின் அட்டை சிப்பாயின் சவப்பெட்டிக்கு எதிரே வந்ததும்தான் துக்கத்துக்கு மரியாதை வேண்டும் என்று எல்லோருக்கும் உறைத்தது. இறுதிச் சடங்குச் சட்டங்கள் மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபமே இதுதான். யார் துக்கம் பெரிய துக்கம் என்று தரம் பிரித்துவிட்டுத்தான் அவை அடியையே அளக்கின்றன.

ஷெப்பர்டுக்காக நின்றவர்கள் அவருடைய நண்பர்கள். 1999 ஏப்ரலில் கொலை வழக்கு விசாரணையின்போது லாரமி நீதிமன்றத்தின் முன் ஃபெல்ப்ஸ் கூட்டம் மறுபடி வந்தது. அந்த இளைஞர்கள் வெள்ளை உடையில், முதுகில் பிரம்மாண்டமான தேவதைச் சிறகுகளைக் கட்டிக்கொண்டு வந்து, அட்டைகள் தெரியாதபடி வாய் திறக்காமல் சுற்றி நின்றார்கள். பைக்காரர்களுக்கு ஆறு வருடம் முன்பே, அதே யுக்தி. ஷெப்பர்டின் அஸ்தியை யாராவது வந்து நாசம் செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் பெற்றோர் எங்கேயும் புதைக்காமல் 20 வருடம் வைத்திருந்தார்கள். 2018 அக்டோபரில்தான் வாஷிங்டன் தேசிய கதீட்ரலில் வைத்தார்கள்.

பைக்கார அண்ணன்மார்களே, அந்த மேத்யூவின் வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்களா? 'வந்திருப்போம்' என்று தயங்காமல் சொல்பவர் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் என் வணக்கம். தயங்குபவர் கொடிக்குக் காவல் நின்றிருக்கிறார், குடும்பத்துக்கு இல்லை.

கடைசியாக

'உள்ளே போடு' கட்சிக்கு இன்னும் இரண்டு செய்தி. ஃபெல்ப்ஸின் பேத்தி மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர், ஐந்து வயதிலிருந்து அட்டை பிடித்தவர், 2012-ல் அந்த சர்ச்சை விட்டு வெளியேறினார். எந்தப் போலீசும் அவரை மாற்றவில்லை. ட்விட்டரில் அவரோடு பொறுமையாக, மரியாதையாக வாதாடிய முகம் தெரியாத ஆட்கள் மாற்றினார்கள். 2014 மார்ச்சில் கிழவர் ஃபெல்ப்ஸ் செத்தார். அடுத்த சில நாளில் கான்சாஸ் சிட்டியில் வெஸ்ட்போரோ கூட்டம் வழக்கம்போல் அட்டையோடு நின்றபோது, எதிரே சிலர் ஒரு பதாகையைப் பிடித்தார்கள். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" என்று எழுதியிருந்தது.

சட்டம் வேண்டும் என்று கேட்பது ரொம்பச் சுலபம் மக்களே. கீபோர்டில் நாலு வரி தட்டினால் முடிந்தது, கடமையை அரசாங்கத்தின் தலையில் கட்டியாயிற்று. விடிகாலையில் எழுந்து நூறு மைல் வண்டி ஓட்டி, முன்பின் தெரியாத ஒருவரின் சாவு வீட்டில் வெயிலிலோ பனியிலோ இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் நிற்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்தை யாராவது படுகிற வரைக்கும்தான் பேச்சுரிமையும் பிழைக்கும், துக்க வீட்டின் மானமும் பிழைக்கும்.

உடன்படாதவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம். தடை கிடையாது. 1,000 அடி தள்ளி நின்றும் திட்டலாம்.