லேபைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்



மே மாதம் வந்தால் கதை, கவிதைகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரே கேள்வி நம் தபாலை நிறைத்துவிடும்: "பிள்ளை பத்தாவது பாஸ். பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா?" கம்ப்யூட்டர் டிப்ளமோ என்றதும் பலருக்குத் தயக்கம். மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்று சொந்தபந்தம் சொல்லி வைத்திருக்கிறது. அந்தப் பேச்சில் எனக்குச் சம்மதமில்லை.

மூன்று வருடம், ஆறு செமஸ்டர். முடித்ததும் வேலைக்குப் போகலாம்; மேலே படிக்க ஆசை என்றால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். இதெல்லாம் கல்லூரியின் விளக்கக் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாதது லேப்.

நெட்வொர்க் லேபுக்கு வாருங்கள். கேபிளின் மேல்தோலைச் சீவினால் உள்ளே எட்டுக் கம்பிகள், ஜோடி ஜோடியாக முறுக்கியபடி. பிரித்து, நீவி, வரிசைப்படுத்த வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. விரலிடுக்கில் வரிசை கலையாமல் நுனியைச் சமமாக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பிங் டூலால் ஒரே அழுத்து. டெஸ்டரில் எட்டு விளக்கும் முறையாக எரிந்தால் சரி; ஒன்று எரியாவிட்டாலும் நுனியை வெட்டிவிட்டு முதலிலிருந்து. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் ஏன் நீலத்தை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் பிள்ளை தேறிவிடும். நடு இரண்டு முனைகள் பழைய டெலிபோன் இணைப்போடு ஒத்துப்போக வைத்த ஏற்பாடு.

அடுத்த அறையில் சி மொழி. 1972 வாக்கில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. இன்றும் இங்கே பலருக்கு முதல் மொழி அதுதான். ஒரு பையன் ஏழாம் வரியில் அரைப்புள்ளியை விட்டிருப்பான். பழைய கம்பைலரோ எட்டாம் வரியைக் காட்டும். அடுத்த வரியின் முதல் சொல்லைப் பார்த்த பிறகுதானே அதற்குச் சந்தேகமே வருகிறது! பையன் எட்டாம் வரியையே முறைத்துக்கொண்டிருப்பான். மேலே பார் என்று உடனே சொல்லிவிடாத ஆசிரியர் கிடைத்தால் கொடுத்துவைத்தவன்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறதா? இல்லை. ஒருவர் கிரிம்ப் செய்ய நாற்பது பேர் எட்டிப்பார்ப்பதும், கீபோர்டைத் தொடாமல் ரெக்கார்ட் நோட்டை மட்டும் அழகாக எழுதி மார்க் வாங்குவதும் உண்டு. அதனால் சேர்க்கைக்குப் போகும்போது ஆபீஸ் ரூமோடு திரும்பாதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரத்தையும் பார்த்துவிடுங்கள். கடைத்தெரு சென்டரின் ஆறு மாத டிசிஏ, எக்செலும் டேலியும் பழகப் போதும், பி.இ. இரண்டாம் ஆண்டுக் கதவு அதற்குத் திறக்காது.

டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் லேப் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். ஜூலை இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். லேப் தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கதைகளுக்கு முன்னுரிமை!

அன்புடன்,
ஆசிரியர்