பெட்டியைத் திறந்து பாருங்கள்!

சங்கப் பத்திரிகையில் எலியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். சம்பளம், வீடு, மருத்துவம் என்று எழுதி வரும் இப்பக்கத்தில் இம்முறை எலியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சென்ற மாதம் சிங்கப்பூர் போயிருந்தேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வீடொன்றில் என் சின்னப் பாட்டி இருக்கிறார். எண்பதைக் கடந்தவர், ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்து, சிங்கைக்கு வாழ்க்கைப்பட்டவர். போய் உட்கார்ந்ததும் ஒரு பழைய படத்தை என் கையில் கொடுத்தார். "மொகத்த எலி தின்னுடுச்சுய்யா. கையும் கொடையுந்தான் மிச்சம்" என்றார்.

அது அவருடைய தகப்பனாரின் படம். 1943இல் பாட்டி கைக்குழந்தை. தோட்டத்திலிருந்து அவரைச் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பானியர் கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை. அந்தப் படம் இத்தனை ஆண்டும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பெட்டி துருப்பிடித்ததென்று வீட்டார் அதை எறிந்துவிட்டு, உள்ளிருந்ததை அட்டைப் பெட்டிக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டி கட்டிலுக்கடியில் போயிற்று. பக்கத்திலேயே அரிசிப் பை. எலிக்கு வேறென்ன வேண்டும்?

"பழைய காகிதந்தானே பாட்டி, விடுங்க" என்று பக்கத்து வீட்டு இளைஞர் ஆறுதல் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அது வெறுங் காகிதமா?

1942, 43ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியில் கைதிகளாயிருந்து இறந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடச் சுவர்களில், கல்லறையற்ற போர்வீரர் 24,000 பேருக்கு மேல் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. அவர்களில் இந்திய வீரரும் உண்டு. வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பால்மரம் வெட்டிக் கொண்டிருந்து, கூலியாகப் போய்ச் செத்தவனுக்கு எந்தச் சுவரில் இடம்? காலராவில் விழுந்தவனைக் காட்டிலே புதைத்தார்கள், எரித்தார்கள். பெயரை யார் எழுதி வைத்தார்கள்? என் பாட்டிக்கு அந்தப் படமே தகப்பனாரின் கல்லறை. அதைத்தான் எலி தின்றது.

துரைமாரின் தாள்களுக்கு இந்தக் கதி இல்லை. தோட்டங்களை நடத்திய ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனியின் பழைய ஏடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எத்தனை ராத்தல் பால், எத்தனை பவுன் இலாபம் என்று இன்றும் படிக்கலாம். பால் எடுத்தவன் சரித்திரமோ கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

சரித்திரம் சோறு போடுமா என்று கேட்பீர்கள். நான் கிராணி, தாளின் அருமை எனக்குத் தெரியும். 1969இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலைப் பெர்மிட் எடுக்க வேண்டுமென்ற விதி வந்தபோது, தோட்டத்திலேயே உழைத்துத் தேய்ந்த எத்தனையோ பேர் வேலை இழந்து கப்பலேறினார்கள். பிறந்த பத்திரம் இல்லாமல் குடியுரிமைக்கு அலைந்த குடும்பங்களை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். செக்ரோலில் ஒரு வயது, பத்திரத்தில் ஒரு வயது என்றால் சேமநிதிப் பணத்துக்கு எத்தனை நடை? வீட்டில் தாள் இருந்தால் வழக்கு நிற்கும். தாள் எலிக்குப் போனால் வழக்கும் எலிக்கே போகும்.

எலி வருவது ஏழைக்கு மட்டும் வரும் இழிவு என்று வெட்கப்பட வேண்டாம். துப்புரவுக்குப் பெயர் போன சிங்கப்பூரிலேயே 2014 டிசம்பரில் புக்கிட் பாத்தோக் ரயில் நிலையத்தருகே எலிகள் பெருகி ஊரே பேசிற்று. சுண்டெலி நுழைய ஒரு பென்சில் பருமன் துவாரம் போதும். காகிதத்தை அது பசிக்காகக் கடிப்பதில்லை. கிழித்துக் கூடு கட்டுகிறது. ஆகையால் துவாரங்களில் இரும்பு நாரைத் திணித்து சிமெண்டு பூசுங்கள். அரிசியை மூடியுள்ள டின்னில் வையுங்கள். பொறியைச் சுவரோரமாக வையுங்கள். எலி நடுவீட்டில் நடக்காது. நஞ்சு வைத்தால் எட்டாத சந்தில் செத்து நாறும். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், மருந்து நீர் தெளித்து, கையுறையோடு துடையுங்கள். படங்களும் பத்திரங்களும் தகரப் பெட்டியில், தரையை விட்டு உயரத்தில் இருக்கட்டும்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு அந்தப் படத்தைக் கையில் வைத்துப் பார்த்தவன் நான். என் பையிலே கைபேசி இருந்தது. ஒரு நிமிடத்தில் பிரதி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் பாட்டி வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், கேம்பல் லேனில் இருக்கிறது. நம் முன்னோர் பொருள்களைக் காட்டும் இடம் அது. அங்கே போய்க் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே எலியை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை.

கிளைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கிளைதோறும் ஓர் இரும்பு அலமாரி வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறுப்பினர் வீட்டுப் பழைய படங்களையும் பத்திரங்களையும் சந்தா அட்டைகளையும் பிரதி எடுத்து, பெயரும் ஊரும் எழுதி அதில் வைக்க வேண்டும். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். இளைஞர் நாலு பேர் வந்தால் போதும்.

அன்று பாட்டி சொல்லச் சொல்ல, அவர் தகப்பனார் பெயரையும், ஊரையும், தோட்டத்தின் பெயரையும், மிஞ்சிய படத்தின் பின்புறம் எழுதிக் கொடுத்து வந்தேன். முகம் போயிற்று, பெயராவது நிற்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியை இன்றிரவே திறந்து பாருங்கள், தோழர்களே!