காசு கொடுக்கத்தானே திறந்தேன்?

ஒரு டீக்குக் காசு அனுப்ப எத்தனை விளம்பரத்தைத் தள்ளிவிட வேண்டியிருக்கு, சொல்லுங்க! பௌர்ணமி ராத்திரி கிரிவலப் பாதையில டவர் திணறும். அது திருவண்ணாமலைக்காரங்களுக்குப் பழகிப்போன விஷயம். அந்தத் திணறலுக்கு நடுவுல ஆப்பைத் திறந்தா முதல்ல வர்றது ஸ்கேனரா? கடன்! 'உங்களுக்கு இரண்டு லட்சம் வரை ரெடி.' அதைத் தள்ளினா டிஜிட்டல் தங்கம். அதையும் தள்ளினா இன்சூரன்ஸ். பின்னாடி நிக்கிறவர் நெருக்குறார். கடைக்கார அக்கா நம்ம மூஞ்சியையே பார்க்குறாங்க. காசு கொடுக்காம நழுவப் பார்க்குறோம்னு நினைச்சுடுவாங்களோன்னு உடம்பு கூசுது.

இதைச் செஞ்ச இன்ஜினியர்களுக்கு நம்ம அவஸ்தை தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா அவங்க மேலதிகாரிங்க பார்க்குறது ஷேர் விலையை. யூபிஐ-ல பணம் வாங்குற கடைக்காரர்கிட்ட கமிஷன் பிடிக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரியிலிருந்து விதி. நியாயமான விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா டீக்காசு போய்ச் சேர்றதுல கம்பெனிக்கு லாபம் இல்ல. கடனை நம்ம தலையில கட்டினா உண்டு.

பேடிஎம் கதையைப் பாருங்க. 2021 நவம்பர்ல ஒரு பங்கு 2,150 ரூபாய்னு சந்தைக்கு வந்துச்சு. முதல் நாளே 27 சதவீதம் சரிஞ்சுது. அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வளர்ச்சியைக் காட்டியாகணும்: எத்தனை கோடிக்குக் கடன் போச்சு, எத்தனை கடையில ஸ்பீக்கர் பாக்ஸ் வாடகைக்கு நிக்குது. 2023 நவம்பர்ல ரிசர்வ் வங்கி, அடமானம் இல்லாத கடன்களுக்கு விதியை இறுக்குச்சு. டிசம்பர்ல பேடிஎம், 50,000 ரூபாய்க்குக் கீழான கடன்களைக் குறைச்சுக்கறோம்னு அறிவிச்சுது. உருப்படியான முடிவுதானே? மறுநாள் பங்கு விலை சுமார் 20 சதவீதம் விழுந்துச்சு! சின்னச் சின்னக் கடனைக் குறைச்சதுக்குக் கிடைச்ச தண்டனை அது. இதைப் பார்த்த பிறகு எந்தக் கம்பெனியில எந்த அதிகாரி, அதுவும் சம்பளத்தோட ஷேரும் வாங்குறவர், 'அந்தக் கடன் விளம்பரத்தை எடுத்துடலாம்'னு மீட்டிங்ல வாயைத் திறப்பார்?

கோயில் பக்கம் பூ விக்கிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். கடன் வாங்குற எண்ணமே இல்லாதவங்க. ஆனா தினமும் போனை எடுத்தா அதே கட்டம், அதுல ரெண்டே பட்டன்: 'இப்போதே பெறு', 'பிறகு'. 'வேண்டாம்'னு சொல்ல இடமே இல்ல. ஒருநாள் முதல் பட்டனை அழுத்திட்டாங்க. இப்ப வசூல்லேருந்து தவணை தினமும் தானாப் போகுது. அவங்க வியாபாரம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி, அப்புறம் கார்த்திகை தீபம். நடுவுல கட்டின பூ விக்காம வாடி, கூடையோட வீட்டுக்குத் திரும்புற நாளும் உண்டு. அன்னைக்கும் தவணை உண்டு. இந்த ஊர் வரும்படி நிலாவோட ஏறி இறங்குது. அங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குக் காலாண்டு ஒண்ணுதான் கணக்கு. அக்காவுக்கு வாடுற பூ, அங்க வளர்ற கடன் புத்தகம்!

சாப்பாட்டு ஆப்பும் இதே வழிதான். ஜொமேட்டோ 2023 ஆகஸ்ட்ல 'பிளாட்ஃபார்ம் ஃபீ'ன்னு ஆர்டருக்கு 2 ரூபாய் ஆரம்பிச்சுது. 2024 தீபாவளி சமயத்துல அது 10 ஆச்சு. இட்லி அதே இட்லி, சாம்பார் அதே சாம்பார். கோடிக்கணக்கான ஆர்டர்ல அந்தச் சில்லறை நேரா லாபக் கணக்குல போய் உட்காரும், அவ்வளவுதான்.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு! 2023 நவம்பர் கடைசியில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆப்-ல மக்களை ஏமாத்துற 13 வித்தைகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. வேண்டாம்னு ஒதுக்கினதையே திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்கிறதும் அந்தப் பட்டியல்ல ஒண்ணு. அப்ப ஏன் இன்னும் அக்கா போன்ல 'வேண்டாம்' பட்டன் வரலை? உறைக்கிற மாதிரி ஒரு அபராதம் போடுங்கய்யா. அடுத்த காலாண்டு ரிப்போர்ட்ல அது நஷ்டமா ஏறட்டும். அங்க மட்டும்தானே பார்க்குறாங்க, அங்கயே தெரியட்டும்.